புவிநடுக்கம், எரிமலை, மண்சரிவு: மூன்றையும் பிரித்தறிவோம்



இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து சிவனொளிபாத மலையைப் பார்த்தால் அது ஒரு கூம்பு போலவே தெரியும். பாடநூலில் எரிமலைக்கு வரைந்திருக்கும் படமும் கூம்புதான். எனவே அது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்து அவிந்துபோனதா என்று அநேகமாக ஒவ்வொரு வருடமும் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் விடை ‘இல்லை’ என்பதே. ஏன் இல்லை என்பதைச் சரியாக விளங்கிக்கொண்டால் இந்த அலகின் பாதியை விளங்கிக்கொண்டதாகும்.

எரிமலைக் கூம்பு கட்டப்பட்ட மலை. நிலத்தின் அடியிலிருந்து வெளியேறும் பாறைக்குழம்பும் சாம்பலும் துவாரத்தைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து அது உயர்கிறது. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலையோ செதுக்கப்பட்ட மலை. பெரியதொரு பாறைத் திணிவை மழையும் ஆறும் நெடுங்காலமாக அரித்துச் செல்ல, அரிக்கப்படாத வலிய பகுதி மிஞ்சி நிற்கிறது. அங்குள்ள பாறை எரிமலைப் பாறையும் அல்ல. அது உருமாறிய பாறை. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இவ்வாறான மிகப் பழைய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணம் முதல் புத்தளம் வரையான சுண்ணக்கல் வலயம் இதற்கு முக்கியமான விதிவிலக்கு.

இதற்கான சான்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பெல்மதுளை, நிவித்திகலைப் பக்கங்களில் மாணிக்கக் குழிகளிலிருந்து ‘இல்லம்’ அள்ளிக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கிடைக்கும் நீலக்கல் குருந்தம் என்னும் கனிப்பொருள். பல கிலோமீற்றர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அமுக்கத்திலும் பாறைகள் உருமாறியபோது தோன்றியது. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி வருடங்களுக்கு முன்னர் பழைய கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி, கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தது. நமது மலைநாட்டுப் பாறைகள் அந்த மோதலில் சிக்கி உருமாறியவை. அதாவது, நாம் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் புவியின் அமைதியற்ற இடங்களில் ஒன்றாக இருந்தது. இன்று அப்படியில்லை. அமைதியற்ற எல்லை வேறிடத்தில் இருக்கிறது.

புவித் தகடுகளும் எல்லைகளும்

புவியின் உள்ளமைப்பை நீங்கள் முன்னைய வகுப்புகளிலேயே படித்துவிட்டீர்கள்: மேலே புவியோடு, அதன்கீழ் மென்மூடி, நடுவில் அகணி. இங்கே நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுதான். புவியோடும் மென்மூடியின் மேற்பகுதியும் சேர்ந்த கடினமான படை ஒரே துண்டாக இல்லை. பல தகடுகளாகப் பிளவுபட்டிருக்கிறது. இத்தகடுகள் மெதுவாக நகர்கின்றன. நாம் இருக்கும் தகடு வருடத்திற்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வீதம் வடகிழக்குத் திசையில் நகர்கிறது. ஏறக்குறைய நமது விரல் நகம் வளரும் வேகம். கேட்பதற்கு அற்பமாக இருக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் போய் ஆசியாவுடன் மோதியதால்தான் இமயமலை உயர்ந்தது.

தகடுகள் சந்திக்கும் எல்லைகள் மூன்று வகை. விலகும் எல்லையில் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று நகர, இடைவெளியில் பாறைக்குழம்பு மேலெழும். அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள மலைத்தொடரும், அதன்மேல் அமைந்த ஐஸ்லாந்தும் உதாரணங்கள். உரசும் எல்லையில் தகடுகள் பக்கம்பக்கமாக வழுக்கிச் செல்லும். கலிபோர்னியாவின் சான் அன்றியாஸ் பிளவு இவ்வகை. இங்கு புவிநடுக்கம் உண்டு, பொதுவாக எரிமலை இல்லை.

மூன்றாவதான ஒருங்கும் எல்லையைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஒரு தகடு மற்றதன் அடியில் அமிழும். அமிழும் தகடு கொண்டுசெல்லும் நீர், ஆழத்திலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை உருகி மேலெழுந்து எரிமலையாகிறது. அதே எல்லையில் இரு தகடுகளும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பல வருடங்கள் அசையாமல் நின்று, தாங்க முடியாத கட்டத்தில் திடீரென வழுக்கும். அதுவே பெரும் புவிநடுக்கம். பசுபிக் சமுத்திரத்தைச் சுற்றியுள்ள ‘நெருப்பு வளையத்தில்’ எரிமலையும் புவிநடுக்கமும் சேர்ந்தே இருப்பதற்குக் காரணம் இதுதான். உலகின் உயிர்ப்புள்ள எரிமலைகளில் ஏறத்தாழ முக்காற் பங்கு அவ்வளையத்தில் உள்ளது.

இலங்கை எந்த எல்லையிலும் இல்லை. நமக்கு மிக அருகிலுள்ள ஒருங்கும் எல்லை அந்தமான், சுமாத்திரா, யாவா தீவுகளின் ஓரமாகச் செல்கிறது. அந்தமானிலுள்ள பாரன் தீவு இன்றும் உயிர்ப்புள்ள எரிமலை. இலங்கையில் அப்படி ஒன்றும் கிடையாது. திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி ‘அடியில் எரிமலை இருக்கிறது’ என்று சிலர் எழுதுவர். அது தவறு. பாறைப் பிளவுகளினூடாக நீர் மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடாகி மீண்டும் மேலே வருகிறது. ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடும் என்பதே இதற்குப் போதுமான விளக்கம்.

விதிவிலக்குகள்

‘எல்லையில் இருந்தால் உண்டு, நடுவில் இருந்தால் இல்லை’ என்று மனனம் செய்துவிடாதீர்கள். ஹவாய்த் தீவுகள் பசுபிக் தகட்டின் நடுவில் இருக்கின்றன. ஆனாலும் அங்குள்ள மௌனா லோவா 2022 இலும் கக்கியது. மென்மூடியின் ஆழத்திலிருந்து வழக்கத்துக்கு மாறான வெப்பம் ஓரிடத்தில் தொடர்ந்து மேலெழுவதே காரணம். இத்தகைய இடம் ‘வெப்பப் புள்ளி’ எனப்படும். இந்தியாவின் தக்காண மேட்டுநிலத்தை மூடியிருக்கும் கரிய எரிமலைப் பாறையும் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் வருடங்களுக்கு முன்னர் இவ்வகை வெப்பத்தால் வெளியேறிய குழம்பு உறைந்ததே என்று பல அறிஞர்கள் விளக்குகின்றனர்.

புவிநடுக்கத்துக்கும் விதிவிலக்கு உண்டு. 1993 செப்டெம்பர் 30 அதிகாலையில் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் கில்லாரி என்னும் கிராமத்தைச் சுற்றிய பகுதி அதிர்ந்தது. தகட்டின் நடுப்பகுதி, பழைய உறுதியான நிலம், ஆபத்தில்லாத இடம் என்று கருதப்பட்டுவந்தது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதன் பருமன் 6.2 மட்டுமே. பருமன் 6.2 உள்ள ஒரு நடுக்கம் ஏன் இத்தனை பேரைக் கொன்றது? மக்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். வீடுகளோ மண்ணால் பூசிய பாரமான கற்சுவர்கள். நடுக்கம் மனிதரைக் கொல்வது மிகக் குறைவு, கட்டடமே கொல்கிறது. இந்த ஒரு வசனத்தை நினைவில் வைத்தால் ‘பாதிப்பைத் தீர்மானிக்கும் காரணிகள்’ என்ற வினாவுக்குப் பாதி விடை வந்துவிடும்.

நமது நாட்டிலும் சிறு நடுக்கங்கள் பதிவாகின்றன. 2020 ஓகஸ்ட் மாத இறுதியில் கண்டி மாவட்டத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய பகுதிகளில் மக்கள் அதிர்வை உணர்ந்தனர். 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பகுதிகளிலும் அவ்வாறே. இவற்றைப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் பதிவு செய்கிறது. பல்லேகலையிலும் ஒரு பதிவு நிலையம் உண்டு. ஆகவே, ‘இலங்கையில் பெரும் புவிநடுக்கத்துக்கான வாய்ப்பு குறைவு’ என்று எழுதுங்கள். ‘ஒருபோதும் ஏற்படாது’ என்று எழுதாதீர்கள்.

குவியம், மேல்மையம், பருமன்

புவியின் உள்ளே பாறை வழுக்கத் தொடங்கும் இடம் குவியம். அதற்கு நேர் மேலே புவி மேற்பரப்பில் உள்ள இடம் மேல்மையம். இரண்டையும் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. படத்தை வரைந்து பெயரிட்டுப் பழகினால் மாறாது.

பருமன் என்பது நடுக்கத்தின் அளவு. ரிச்டர் அளவுத்திட்டத்தில் ஓர் அலகு கூடினால் பதிவாகும் அலையின் வீச்சு 10 மடங்காகும். வெளிப்படும் சக்தியோ ஏறத்தாழ 32 மடங்காகும். இதைக் கொண்டு ஒரு கணக்குச் செய்து பாருங்கள். பருமன் 6 இலிருந்து 9 வரை மூன்று படிகள். 32 ஐ மூன்று தடவை பெருக்கினால் 32,000 ஐத் தாண்டும். இதனால் 6 உம் 9 உம் ‘கிட்டத்தட்ட ஒன்றுதான், மூன்று மட்டுமே வித்தியாசம்’ என்று எவரும் சொல்ல முடியாது. மிகப் பெரிய நடுக்கங்களை அளக்க இன்று ரிச்டருக்குப் பதிலாகத் ‘திருப்புதிறன் பருமன்’ என்னும் திட்டம் பயன்படுகிறது. படிகளின் பொருள் ஏறத்தாழ அதேதான்.

2004 டிசெம்பர் 26

அன்று இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பருமன் 9.1 கொண்ட நடுக்கம் ஏற்பட்டது. இந்தியத் தகடு அமிழும் அந்த எல்லை 1,200 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்கு வழுக்கியது. கடலடி நிலம் உயர, அதன் மேலிருந்த நீர் முழுவதும் உயர்த்தப்பட்டது. அதுவே சுனாமி.

மேல்மையத்திலிருந்து நமது கிழக்குக் கரைக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். ஆழ்கடலில் சுனாமி மணித்தியாலத்துக்கு 700 முதல் 800 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். 1,600 ஐ 800 ஆல் வகுத்தால் 2. இரண்டு மணித்தியாலங்கள்! அவ்வளவு நேரம் இருந்தும் இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரலியவில் புகையிரதம் ஒன்றிலும் அதைச் சுற்றியும் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பசுபிக்கில் எச்சரிக்கை முறை பல வருடங்களாக இருந்தது, இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. கடல் உள்வாங்கியபோது அதன் பொருள் மக்களுக்குத் தெரியவில்லை. பலர் வேடிக்கை பார்க்க இறங்கினர்.

அதே நாளில், மேல்மையத்துக்கு மிக அருகிலுள்ள சிமலூ என்னும் இந்தோனேசியத் தீவில் நடந்தது வேறு. 1907 இல் வந்த பேரலையைப் பற்றி அங்கு பாட்டி பேரனுக்குச் சொல்லிவந்த கதை ஒன்று இருந்தது. நிலம் கடுமையாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே கதையின் சாரம். பல பத்தாயிரம் மக்கள் வாழும் அத்தீவில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கருவியில்லை, வானொலி அறிவித்தலில்லை. அறிகுறியைப் படிக்கத் தெரிந்திருந்தது.

சுனாமிக்குப் புவிநடுக்கம் மட்டுமே காரணம் என்றும் எண்ண வேண்டாம். 1883 ஓகஸ்ட் 27 இல் சுமாத்திராவுக்கும் யாவாவுக்கும் இடையிலிருந்த கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் பெரும்பாலானோரைக் கொன்றன. இறந்தோர் 36,000 க்கு மேல். அன்று காலித் துறைமுகத்திலும் கடல் பின்வாங்கி மீண்டு வந்தது கவனிக்கப்பட்டது.

2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், அவசர இலக்கம் 117 ஆகியன 2004 இற்குப் பின்னர் உருவானவை. இச்சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் நினைவில் வைத்திருங்கள்.

மண்சரிவு: நமது மலையின் அசைவு

கடற்கரையிலிருந்து தொலைவில், இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இருக்கும் உங்களுக்கு, நிலம் அசையும் ஆபத்து உண்மையில் எங்கிருந்து வருகிறது? தகட்டு எல்லையிலிருந்து அல்ல. லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டிலிருந்து.

2016 மே 17 மாலையில் கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலையின் சரிவு இறங்கி, அடிவாரக் கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகளின் மேல் மண் விழுந்து பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மறு வருடம், 2017 மே இறுதியில், இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்து வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகமே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது.

இந்தச் சம்பவங்களைப் பற்றி எழுதும்போது ‘புவியின் உள்ளே ஏற்பட்ட அதிர்வால் மண்சரிவு உண்டாயிற்று’ என்று எழுதும் மாணவர்கள் பலர். உலகில் அவ்வாறு நடப்பதுண்டு. 2015 ஏப்ரல் 25 இல் நேபாள நடுக்கத்தின்போது லங்டாங் பள்ளத்தாக்கில் ஒரு கிராமமே பனியாலும் கல்லாலும் மூடப்பட்டது. ஆனால் நமது மலைநாட்டில் வழமையான தூண்டுகோல் மழை. இவ்வேறுபாட்டுக்குப் புள்ளி மட்டுமல்ல, அதைவிடப் பெரிய பெறுமதியும் உண்டு. ஒரு புவிநடுக்கம் எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று இன்றுவரை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழையை அளக்கலாம். வெடிப்பைப் பார்க்கலாம். மண்சரிவு பெரும்பாலும் சொல்லிவிட்டே வருகிறது.

எவ்வாறு நடக்கிறது? ஈரவலயத்தின் வெப்பமும் மழையும் பாறையை இரசாயன ரீதியாகச் சிதைக்கின்றன. இதுவே வானிலையாலழிதல். அதனால் கடினப் பாறையின் மேல் தடித்த மண்படை உருவாகிறது. சாய்வில் இம்மண்ணைப் பிடித்து வைத்திருப்பது துணிக்கைகளுக்கு இடையிலான உராய்வும் ஒட்டுதலும், அத்தோடு மரவேர்களும். மழை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, மண்ணின் நிறையைக் கூட்டுகிறது. மற்றது, துணிக்கைகளுக்கு இடையே புகுந்த நீர் அவற்றை விலக்கித் தள்ளி உராய்வைக் குறைக்கிறது. இரண்டாவதே கூடுதல் ஆபத்தானது. விடையில் பெரும்பாலோர் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள்.

நிறையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். ஓர் ஏக்கர் தேயிலை மலையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர், அதாவது 400 தொன் நீர் விழுகிறது. அது முழுவதும் மண்ணுக்குள் போவதில்லை. ஓடிவிடும் பகுதியை ஒழுங்காகக் கொண்டுபோவதற்காகத்தான் தோட்டத்தில் கான் வெட்டுகிறார்கள். கான் தூர்ந்துபோனால் அந்த நீர் மலைக்குள்ளேயே இறங்கும். முன்பெல்லாம் தோட்டங்களில் கான் வெட்டு ஒரு முக்கியமான வேலையாக இருந்ததை உங்கள் தாத்தாமாரிடம் கேட்டால் சொல்வார்கள். மனித காரணிகள் என்று கேட்டால் ‘காடழிப்பு’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்தாமல் இதையும் எழுதுங்கள். சாய்வின் அடியைச் செங்குத்தாக வெட்டி வீடோ பாதையோ அமைத்தல், பழைய கான்களைப் பராமரியாமை, நீரோடையை மறித்துக் கட்டுதல் என்பனவும் காரணிகளே.

அறிகுறிகள் எவை? தேயிலை மலையின் குறுக்கே நிலத்தில் புதிதாகத் தோன்றி அகலும் வெடிப்பு மிக முக்கியமானது. நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்தல், சுவரிலும் இஸ்தோப்பு நிலத்திலும் புதிய வெடிப்புகள், திடீரெனக் கதவு இறுகி மூட முடியாமற் போதல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், பீலியில் தெளிவாக வந்த நீர் சேறாக வருதல் அல்லது சட்டென்று நின்றுபோதல் என்பனவும் அறிகுறிகள். பழைய லயங்களில் சுவர் வெடித்திருப்பது புதினமல்ல என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ‘புதிய’, ‘அகலும்’ என்ற சொற்களை அழுத்திச் சொல்கிறேன். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா இல்லையா என்பது இரண்டு மழையில் தெரிந்துவிடும்.

மழைக்கும் எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. மண்சரிவு எச்சரிக்கையை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானமாக இருக்க வேண்டும், நிறம் மஞ்சள். 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், நிறம் செம்மஞ்சள். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ ஆபத்தான இடத்தைவிட்டு வெளியேற வேண்டும், நிறம் சிவப்பு. வானொலியில் எச்சரிக்கை பிரதேச செயலாளர் பிரிவுகளின் பெயரால் வாசிக்கப்படும். உங்கள் தோட்டம் எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பது தெரியாவிட்டால் அறிவித்தல் காதில் விழுந்தும் பயனில்லை. இன்றைக்கே வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மழையை நீங்களும் அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான, பக்கங்கள் நேரான பால்மாத் தகரப்பேணி ஒன்று போதும். கூரைத்தண்ணீரும் மரத்தண்ணீரும் விழாத திறந்த இடத்தில் கல்லால் அணைகொடுத்து வையுங்கள். காலை ஆறு மணிக்கு அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து எழுதி, பேணியைக் காலியாக்குங்கள். 7.5 சென்ரிமீற்றர் என்றால் அதுவே 75 மில்லிமீற்றர். கடும் மழை நாளில் மறுநாள் காலைவரை காத்திராமல் இடையிடையே பாருங்கள். இது உத்தியோகபூர்வக் கருவிக்கு ஈடாகாது. ஆனாலும் இரவு பத்து மணிக்குப் பேணியில் ஆறு சென்ரிமீற்றர் நிற்பதையும் மழை விடாததையும் கண்டால், என்ன செய்வது என்று வீட்டாரோடு பேசுவதற்கு ஒரு ஆதாரம் கையில் இருக்கும்.

எச்சரிக்கை கிடைத்தால் மட்டும் போதுமா என்பதையும் சிந்தியுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. போவதற்குச் சொந்தக் காணி இல்லை, வேறு வீடு இல்லை, வேலையும் அங்கேதான். அபாயம் உள்ள இடம் வேறு, அபாயத்துக்கு உட்பட்டு வாழ நேரும் மக்கள் யார் என்பது வேறு. புவியியலில் முதலாவதை ‘இடர்’ என்றும், இரண்டாவதை ‘பாதிப்புக்கு உட்படும் தன்மை’ என்றும் சொல்கிறோம். இடர் மனிதரைச் சந்திக்கும்போதே அனர்த்தமாகிறது. ஆளில்லாத காட்டில் சரியும் மலை அனர்த்தமல்ல. கில்லாரியின் கற்சுவரும் மீரியபெத்தையின் லயமும் இந்த இடத்தில் ஒன்றுசேர்வதைக் கவனித்தீர்களா?

மாதிரி வினாவும் விடையும்

வினா: ‘இலங்கையில் எரிமலைகள் இல்லை, ஆயினும் சுனாமியால் பாதிக்கப்பட்டது.’ விளக்குக.

விடை: எரிமலைகள் பெரும்பாலும் தகட்டு எல்லைகளிலும் வெப்பப் புள்ளிகளின் மேலும் காணப்படுகின்றன. இலங்கை இந்தியத் தகட்டின் உட்பகுதியில், எல்லைக்குத் தொலைவில் பழைய உருமாறிய பாறைகளின் மேல் அமைந்துள்ளது. அதன் அடியில் வெப்பப் புள்ளியும் இல்லை. எனவே எரிமலைகள் இல்லை. ஆனால் சுனாமி தோன்றிய இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடலில் பயணிக்கக்கூடியது. 2004 டிசெம்பர் 26 இல் சுமாத்திராவுக்கு அப்பால் ஒருங்கும் எல்லையில் ஏற்பட்ட பருமன் 9.1 கொண்ட நடுக்கத்தால் தோன்றிய சுனாமி, ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் கடந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களில் இலங்கையை அடைந்தது.

இவ்விடையில் காரணம், இடம், ஆண்டு, அளவு நான்கும் இருப்பதைப் பாருங்கள். இடப்பெயரும் ஆண்டும் இல்லாத விடை எவ்வளவு நீளமாக இருந்தாலும் மெலிந்த விடையே.

நீங்களாகச் செய்து பார்க்க

1. குவியம், மேல்மையம் இரண்டையும் பெயரிட்ட வரைபடத்தால் வேறுபடுத்துக.

2. பருமன் 7 கொண்ட நடுக்கம், பருமன் 5 கொண்ட நடுக்கத்தைவிட ஏறத்தாழ எத்தனை மடங்கு சக்தியை வெளிவிடும்? கணித்தலைக் காட்டுக.

3. கில்லாரி நடுக்கத்தின் பருமன் சுமாத்திரா நடுக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தும் பேரிழப்பு ஏற்பட்டமைக்கு இரண்டு காரணங்கள் தருக.

4. தொடர்ச்சியான மழை மண்சரிவைத் தூண்டும் இரு வழிகளை விளக்குக.

5. உங்கள் தோட்டத்தின் அல்லது கிராமத்தின் பரும்படிப் படம் ஒன்றை வரைந்து, செங்குத்தான சாய்வு, நீரோடை, கான்கள், குடியிருப்புகள், மழைக்காலத்தில் பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய இடம், அங்கு செல்லும் பாதை என்பவற்றைக் குறித்துக் காட்டுக. அப்பாதை ஓடையைக் கடக்கிறதா என்பதையும் குறிப்பிடுக.